இருபத்தைந்தாம் நம்பர் ஈ

அத்தியாயம் 6

செத்துப்போன பிறகும் பெண்டாட்டிக்குத் தினமும் வாட்ஸப் அனுப்புகிற ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. உயிரோடு இருக்கிற கணவர்களே ஒரு 'ம்' போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிற காலம் இது. அந்த வகையில் சாம்சனை மெச்சத்தான் வேண்டும்.

இதைச் சொன்னபோது ஈஸ்வரி அக்கா சிரிக்கவில்லை. அவர் என் முதலாளி. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டா கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு பையன் மேல் மனசா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்களுக்குச் சோறு போடுகிற தொழில். பேய் கேஸ் இதுதான் முதல். நான் பென்னி, உதவியாளன். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, அக்கா சிரிக்காத ஜோக்குகளைச் சொல்வது மூன்றும் என் இலாகா.

கேஸ் கொண்டுவந்தவர் கவரைப்பேட்டை ஞானம்மா. சாம்சனின் அம்மா. குடையை மடக்கக்கூட மறந்து, நனைந்த புடவையோடு எங்கள் முன்னால் நின்றார்.

"எம்புள்ள மலையில ஓடத் தண்ணியில அடிச்சிக்கினு போயி வருசம் ஆவப்போவுது. ஒடம்பு கெடைக்கல. ஆனா மருமவளுக்கு மட்டும் அவன் நம்பர்லேர்ந்து டெய்லி மெசேஜ் வருது. வருச ஜெபம் வெச்சி, பேர் போட்டு ஒரு கல்லு வெக்கலாம்னா ஷைனி ஒத்துக்க மாட்டேங்குது. 'மெசேஜ் போடற ஆளுக்கு எதுக்கு அத்தை கல்லு'ன்னு கேக்குது. அது எம்புள்ளதானா இல்லியா? அத்த மட்டும் பார்த்துச் சொல்லும்மா."

"வீட்ல வேற யாரு கீறாங்க?" என்றார் அக்கா.

"எங்க ஊட்டுக்காரரு சின்னராசு. இரும்பு மில்லுலேர்ந்து நின்னுட்டாரு. புள்ள போனதுலேர்ந்து சோத்தக் கையால தொடல, எலும்பா ஆயிட்டாரு. இப்பத்தான் கொஞ்ச மாசமா சாப்புடறாரு. காலீல டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வேலைக்குப் போற மாதிரியே ஸ்டேஷனுக்குப் போவாரு. அங்கயே உக்காந்துட்டு சாயந்திரம் வருவாரு."

சொல்லும்போது அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் மதியம் நாங்கள் 'ஈ கம்பெனி'யில் இருந்தோம். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலைகளுக்கு நடுவில் ஒரு பழைய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. சுற்றிலும் இரும்பு அதிர்ந்துகொண்டிருக்க, இங்கே பெண்கள் தூண்டில் முள்ளில் கோழி இறகையும் பட்டுநூலையும் சுற்றி ஈ மாதிரிச் செய்கிறார்கள். வெட் ஃப்ளை என்று பெயர். தண்ணீருக்குள் முங்கிப் போகும். குளிர் ஓடைகளில் இருக்கிற ட்ரவுட் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். எல்லாம் வெளிநாட்டு ஏற்றுமதி. மீன் பிடிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிற வெள்ளைக்காரன், மார்க்கெட்டுக்கே போக மாட்டானோ என்னவோ.

சாம்சன் இங்கே சாம்பிள் பார்க்கிறவன். சீசனுக்குச் சீசன் நீலகிரி ஓடைகளுக்குப் போய், எந்தத் தண்ணீருக்கு எந்த சைஸ் ஈ எடுபடுகிறது என்று போட்டுப் பார்ப்பான். காலையில் தண்ணீரைப் பார்த்ததும் மனைவிக்கு ஒரு மெசேஜ்: தண்ணீர் எப்படி, முள் நம்பர் என்ன. அந்த நம்பரில் ஷைனி ஒரு ஈ கட்டி, அவன் மேஜையில் இருக்கும், முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் மாட்டி வைப்பாள். திரும்பி வந்ததும் அவன் எடுத்துப் பார்ப்பான். போன வருடம் திரும்பி வரவில்லை.

வைஸ் இன்னும் அங்கேயே இருந்தது. அதன் நாற்காலியும் இருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் தங்கள் மேஜைகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் வேலை செய்தார்கள். வெளியே மழை. மதியத்திலேயே கொட்டகை இருண்டு கிடந்தது. வைஸில் நேற்றைய ஈ மாட்டியிருந்தது. ஃபேன் காற்றில் அதன் இறகு மெல்ல எழும்பி அடங்கியது. மூச்சு விடுகிறது என்றே நினைத்தேன். கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டேன்.

"பயமா இருந்தா வெளிய நில்லு," என்றார் அக்கா.

"பயம் இல்லக்கா. நாற்காலி காலியா கீதேன்னு உக்காந்துட்டு, அப்புறம் அவரு எழுந்திருங்கன்னு சொன்னா மரியாதையா இருக்காது."

ஷைனி தலை நிமிரவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்கா வந்த விஷயத்தைச் சொன்னதும், "அத்தை அனுப்பினாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது மேஜை மேலிருந்த அவள் போன் உறுமியது.

மூன்று பேரும் பார்த்தோம். திரையில் மீனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சாம்சன் படம். பெயருக்குக் கீழே 'ஆன்லைன்'.

*மழை. தண்ணி கலங்கல். 16.*

அடுத்து இன்னொன்று.

*சாப்ட்டியா.*

பக்கத்து மேஜைப் பெண் ஒருத்தி "ஏசப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஷைனி மட்டும் நிதானமாக *சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?* என்று அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து *ம்* என்று வந்தது. 'ஆன்லைன்' மறைந்தது.

"ஃபோன் அடிச்சுப் பார்த்தியா?" என்றார் அக்கா.

"அடிச்சா எடுக்க மாட்டாரு."

"பயமா இல்லியா?"

"எம்புருசன் நம்பரு. எனக்கு இன்னாத்துக்குக்கா பயம்?"

அக்கா போனைக் கேட்டு வாங்கி, பழைய மெசேஜ்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்று என்னிடம் காட்டினார். புயல் அடித்த நாள். *பேய் மழை. 25.*

இதற்குள் ஷைனி நேற்றைய ஈயைக் கழற்றிவிட்டு, ஒரு முள்ளை எடுத்து, கறுப்பு இறகைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வைஸில் மாட்டியே விட்டாள். கொழுத்த ஈ. என் சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது. அக்கா அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டோருக்குப் போனார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் அன்புசெல்வன். முள் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி கலங்கலா இருந்தா எந்த ஈ போடணும்?"

"பெருசா, கறுப்பா போடணும் மேடம். கலங்கல்ல மீனுக்குக் கண்ணு தெரியாது. தண்ணி தெளிவா, கம்மியா ஓடுச்சுன்னா குட்டியூண்டு போடணும். இல்லாட்டி மீனு உஷாராயிடும். எங்களுக்கெல்லாம் இத்த சொல்லிக் குடுத்ததே சாம்சன்தான்."

"பதினாறு எடுங்க."

அவர் அக்காவின் உள்ளங்கையில் எதையோ வைத்தார். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூச்சு விட்டால் பறந்துவிடும் போல ஒரு முள்.

"இதுவா பதினாறு? எறும்பு பிடிக்கலாம்," என்றேன்.

"முள்ளு நம்பரு அப்படித்தான் தம்பி. நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாவும். எங்ககிட்ட எட்டுதான் பெருசு. பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினாறு... இறங்கிக்கினே போவும். நெறய போறது பதினாலு."

"இருபத்தஞ்சு?"

அன்புசெல்வன் சிரித்தார். "எல்லாம் ரெட்டப்படைதான் மேடம். இருபத்தஞ்சுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

"புயல் அடிச்ச அன்னிக்கு ஷைனி உங்ககிட்ட முள்ளு வாங்கிச்சா?"

"வாங்கிச்சே. 'இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுங்கண்ணா'ன்னு கேட்டுச்சு. ஏன் மேடம்?"

அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து கொட்டகைத் தாழ்வாரத்தில் நின்றார். மழை சாரலடித்தது.

"பென்னி, ஊட்டியில உனக்கு யாரோ சிநேகிதன் கீறான்னு சொன்ன இல்ல? அங்க மழையான்னு கேளு."

கேட்டேன். சிநேகிதன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். சுள்ளென்று வெயிலாம்.

"ஆக, மழை இங்கதான் பெய்யுது," என்றார் அக்கா. "மெசேஜ் போடறவரு இந்த மழையைப் பார்த்துத்தான் போடறாரு. பக்கத்துலயே கீறாரு."

"பேய்க்கு டிரான்ஸ்ஃபர் கெடைச்சிருக்கும்க்கா."

"கலங்கல்னா பெருசு, தெளிஞ்சா சின்னதுன்னு அவருக்குத் தெரியுது. அது சாம்சன் வாயிலேர்ந்து கேட்டது. ஆனா பதினாறுதான் பெருசுன்னு நெனைக்கறாரு. முள்ளை ஒரு நாளும் கையில தொட்டதில்ல. பதினாலு ஒருதரம்கூட வரல. இல்லாத இருபத்தஞ்சு வருது. எட்டு, பத்து, பன்னெண்டு, பதினாறு, இருபத்தஞ்சு. பதினாலே இல்லாத கணக்கு எது பென்னி?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் அந்த நிமிடம் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் வெறுமனே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ஆலையிலிருந்து ஒரு லாரி மெதுவாகத் திரும்பியது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கட்டுகளில் சிவப்புத் துணி ஆடியது. ஒவ்வொரு கட்டிலும் தடிமன் நம்பர் போட்ட ஒரு தகரச் சீட்டு. தடிக் கம்பியில் 25. அதற்குக் குறைந்ததில் 16. குச்சி மாதிரிக் கம்பியில் 8.

"வண்டிய எடு," என்றார் அக்கா. "கவரைப்பேட்டை ஸ்டேஷன்."

வழியில் அங்கங்கே ஒதுங்கி நின்று போய்ச் சேர்வதற்குள் சாயந்திரமாகி, மழை விட்டிருந்தது. நடைமேடைக் கூரைக்குக் கீழே கடைசி பெஞ்சில், மடியில் டிபன் பையோடு, ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வண்டிகள் வந்து போனதை அவர் கவனித்த மாதிரியே இல்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அய்யா, நீங்க ரோலிங் மில்லுல இருந்தவருன்னாங்க. சின்னதா ஒரு ஊடு கட்டறோம். மேஸ்திரி பில்லருக்கு எட்டு போதும்னு சொல்றாரு."

பெரியவருக்கு உயிர் வந்துவிட்டது. "எட்டா? அவன் மேஸ்திரியா, கொலகாரனா? எட்டு ரிங்கு அடிக்கற கம்பிம்மா. பில்லருக்குப் பதினாறு போடு. பெருசா மாடி மேல மாடி கட்டறதா இருந்தா இருபத்தஞ்சு."

"தண்ணி கலங்கலா இருந்தா?"

சின்னராசுவின் வாய் திறந்தபடியே நின்றது. கை தானாக டிபன் பையை இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு அவரே பையைத் திறந்து, கர்ச்சீப்பில் சுற்றிய போனை எடுத்துக் காட்டினார்.

"ரூம்ல சார்ஜுல போட்டுட்டு ஓடைக்குப் போயிருக்கான். போலீஸ்காரங்க எங்கையில குடுத்தாங்க. ஊட்ல தண்ணியோட போச்சின்னு சொல்லிட்டேன். அதப் பார்த்தா பொம்பளைங்க தாங்க மாட்டாங்கன்னு." கர்ச்சீப்பால் திரையை ஒருமுறை துடைத்தார். "ஒரு நாள் அவன் போட்டோ பாக்கலாம்னு ஆன் பண்ணேன். பூட்டு போடற பழக்கம் அவனுக்குக் கெடையாது. தொறந்தா, இந்தப் பொண்ணு மெசேஜா போட்டு வெச்சிருக்கு. எங்க கீற, சாப்ட்டியா, குளுருதா, எப்ப வருவ. செத்தவன்கிட்ட கேட்டுக்கினே இருந்திருக்கும்மா அது. ஊட்ல ஒரு வாய் துன்னாது, பேசாது. நான் இன்னா பண்ணுவேன்? அவன் மாதிரியே ஒரு நம்பர போட்டு, சாப்ட்டியான்னு கேட்டேன். அன்னிக்கு சாப்ட்டுச்சும்மா. எங்கண்ணால பார்த்தேன்."

"தினமும் போடறீங்களே அய்யா."

"நிறுத்தினா அது உசுர வுட்டுடும். அதுகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, உன் கால்ல விழறேன்."

கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து மின்சார ரயில் வந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர் அவசரமாகப் போனைச் சுருட்டிப் பையில் திணித்தார். "மருமவ வர்ற வண்டி," என்று சொல்லிவிட்டு எழுந்து, நடைமேடையின் மறுகோடிக்கு நடந்தார். பேயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகனின் போனை மடியில் வைத்துக்கொண்டு தினமும் மகனாக மாறுகிற அந்த மனுஷனைப் பார்த்து, கொட்டகையில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

கூட்டத்தோடு ஷைனி இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"மெசேஜுல பதினாறுன்னு வந்துச்சு. நீ எட்டு கட்டின. புயல் அன்னிக்கு இருபத்தஞ்சுன்னு வந்துச்சு. நீ போய் இருக்கறதுலயே பெரிய முள்ளக் கேட்டே. போடறவரு எந்தக் கணக்குல போடறாருன்னு உனக்குத் தெரியும் ஷைனி."

அவள் மறுகோடியில் முதுகு காட்டி நின்ற மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மொத மெசேஜுலயே தெரிஞ்சிடுச்சிக்கா. கலங்கலுக்குப் பதினாறுன்னு சாம்சன் தூக்கத்துலகூட சொல்ல மாட்டாரு. அது கம்பி நம்பரு. எங்க ஊட்ல கம்பி நம்பரு பேசறது மாமா ஒருத்தருதான்." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துச்சி. இன்னா வெளாட்டு இதுன்னு கத்தலாம்னு ஊட்டுக்குப் போனேன். அவரு ஒரு மூலையில உக்காந்துக்கினு, நான் சாப்புடறனா இல்லியான்னு என்னியே பார்த்துக்கினு கீறாரு. நான் சாப்ட்டேன். அப்புறம் 'நீ சாப்ட்டியா'ன்னு மெசேஜ் போட்டேன். போய் தட்ட எடுத்துக்கினு வந்து உக்காந்தாருக்கா. அத்தனை நாள் கழிச்சி."

"அதான் கல்லு வேணாம்னியா?"

"கல்ல வெச்சிட்டா அப்புறம் யாருக்குக்கா மெசேஜ் போடுவாரு? அதுலதான் உசுரு இருக்கு அவருக்கு. நான் நம்பறேன்னே அவரு நெனைக்கட்டும்."

"அப்ப எட்டு எதுக்கு கட்டினே? பதினாறே கட்டி வெச்சிருக்கலாமே?" என்று நான்தான் கேட்டேன்.

"தப்பு சைஸ சாம்சன் வைஸுல மாட்ட மனசு வரலண்ணா," என்றாள் ஷைனி. அதோடு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெரியவரும் அவள் பின்னாலேயே போனார்.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜோக் வரவில்லையே என்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு பேரும் சொல்லாதேங்கறாங்க," என்றேன். "இன்னாக்கா பண்றது?"

"கேஸ் குடுத்தது அவங்க ரெண்டு பேரும் இல்ல."

பைக்கில் நாங்கள் முந்திக்கொண்டோம். ஞானம்மா வாசலில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"அது உங்க புள்ள இல்லம்மா," என்றார் அக்கா. மெதுவாக, எதையும் விடாமல், போனையும் கம்பி நம்பரையும் கணவரையும் மருமகளையும் பற்றிச் சொன்னார். ஒருவருக்காக ஒருவர் நடிப்பதையும் சொன்னார். கடைசியில், "உங்களுக்கு நம்பிக்கை குடுக்கற மாதிரி சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

ஞானம்மா கேட்டார்:

"அப்ப ஷைனிக்கு அவன் ஒண்ணுகூட அனுப்பல?"

"இல்லம்மா."

"யாருக்குமே அனுப்பல?"

"யாருக்கும் அனுப்பல."

அந்த அம்மா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நான் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன் உசுரோட இல்லன்னு எனக்குத் தெரியும்மா," என்றார் ஞானம்மா, அழுகைக்கு நடுவில். "தண்ணியில போன அன்னிக்கே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? செத்தும் பொண்டாட்டிக்கு மட்டும் டெய்லி எழுதறானே, சாப்ட்டியான்னு கேக்கறானே, அம்மாவ ஒரு வார்த்த கேக்கலியேன்னுதான்... இத்தினி மாசமா ஃபோன தலமாட்டுல வெச்சிக்கினு படுத்தேன். டொய்ங்னு சத்தம் வந்தா எடுத்துப் பாப்பேன். கம்பெனிக்காரன் மெசேஜா இருக்கும். நான் இன்னா பாவம் பண்ணேன்னு கர்த்தர்கிட்ட கேட்டுக்கினே கெடந்தேன்."

அக்கா ஈரப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மறக்கல இல்ல? என்ன அவன் மறக்கல. செத்துதான் போயிட்டான்."

"ஆமாம்மா," என்றார் அக்கா.

தெருக்கோடியில் ஷைனி வருவது தெரிந்தது. பத்தடி பின்னால் சின்னராசு. ஞானம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். வருகிற இருவரையும் பார்த்தபடியே எங்களிடம் சொன்னார்:

"அவங்ககிட்ட நானே பேசிக்கறேன். கல்லு வெக்கறது வெக்கறதுதான். ஞானம்மா மகன் சாம்சன்னு போடச் சொல்லப்போறேன். எம்பேருதான் மொதல்ல வரணும்."